ரேடியோ இல்லாத லயம்

பதினேழு வீடு ஏறி இறங்கியாயிற்று. பதினேழிலும் ரேடியோ இல்லை என்றே சொன்னார்கள்.

பின்னே எப்படிச் சொல்வார்கள்? கறுப்புப் பையும் கையுமாக ஒருவர் லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைந்தால் அது ரேடியோ லைசென்ஸ் பார்க்க வந்த ஆள் என்று தேயிலைத் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ரேடியோக்கள் விறகுக்கடியிலும் அரிசிப் பானையிலும் போய்ப் படுத்துக்கொண்டன.

தானா ராத்தா டவுனிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்த சாம்பசிவம், மற்ற வீடுகளில் சொன்னதையே பதினெட்டாவதாக ரஞ்சிதத்தின் வாசலிலும் சொன்னார். தான் லைசென்ஸ்காரரும் இல்லை, வானொலி நிலையத்துச் சம்பளக்காரரும் இல்லை. மக்கள் பணத்தில் நடக்கும் தமிழ் ஒலிபரப்பை இந்த மலையில் ஆட்கள் கேட்கிறார்களா என்று வெளியிலிருந்து தணிக்கை செய்ய வந்தவர். கேட்க ஆளில்லை என்றால், இந்தப் பக்கத்து ஒலிபரப்புக் கோபுரம் வீண் என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதான்.

"இங்கயும் இல்ல லா," என்றான் ரஞ்சிதத்தின் புருஷன் இருளப்பன்.

கோபுரத்தை நிறுத்திவிட்டால் ரேடியோ பாடாது என்பது ரஞ்சிதத்துக்குப் புரிந்தது.

மகள் செல்லம் தனக்குப் பிடித்தவனோடு ஜொகூருக்குப் போய் மூன்று வருஷம். அன்றைக்கே இருளப்பன் அவளைத் தலைமுழுகிவிட்டான். அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது. வந்த கடிதங்கள் அடுப்புக்குப் போயின.

அதற்கப்புறம் செல்லம் கடிதம் போடவில்லை. ஞாயிறு பகல் ரேடியோவில் வரும் நேயர் வாழ்த்துக்கு எழுதி, தன் பெயரோடு, மலையில் இருக்கும் அம்மாவுக்கு என்று ஒரு பாட்டுப் போடச் சொல்வாள். இருளப்பன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் அது. ரஞ்சிதம் அடுப்படியில் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொள்வாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிவது அறிவிப்பாளர் சொல்லும் அந்த ஒரு வரியில்தான்.

அபராதமென்ன, ஜெயிலே ஆனாலும் ஆகட்டும் என்று உள்ளே போனாள். அரிசிப் பானையில் முழங்கைவரை கையை விட்டு ரேடியோவை இழுத்தாள். அரிசி சிந்தச் சிந்தக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்குங்க சார். லைசென்ஸ் கெடையாது. ஆனா நான் கேக்குறேன்."

எந்த நிகழ்ச்சி, வீட்டில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றார் சாம்பசிவம்.

இவ்வளவு தூரம் வந்தவள் அங்கேதான் பின்வாங்கினாள். புருஷன் பக்கம் திரும்பாமல், "நியூஸ். ஒரு ஆளு," என்றாள்.

சாம்பசிவம் எழுதப் போனார்.

"நியூஸ் இல்ல சார்," என்றான் இருளப்பன். "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி, நேயர் வாழ்த்து. ரெண்டு ஆளுன்னு போடுங்க."