டிக்கியில் கிடந்த பல்பு

பதினெட்டு வருஷமாக வெயிலிலேயே நின்ற ஒரு காரின் ஹெட்லைட் கண்ணாடிக்குத் தன் பல்புகள் மேல் தீராத மனக்குறை. முதல் பல்பு மங்கல் என்று கழற்றி டிக்கியில் போட்டார்கள். இரண்டாவதும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வந்ததுமே கண்ணாடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: "உனக்கு முன்னால வந்த ரெண்டு பேருக்கும் உடம்பு வளையலை. நீயாவது ஒழுங்கா எரி, தம்பி."

"என்னால முடிஞ்ச மட்டும் எரியறேன், அண்ணே."

அன்று பொழுது சாய்ந்ததும், சாலை நடுவே படுத்திருந்த கன்றுக்குட்டி கடைசி நொடியில்தான் தெரிந்தது. கார் ஒதுங்கிப் போய் வேலியில் முட்டி நின்றது. கன்று பிழைத்தது. அந்த அதிர்வில் பல்பின் இழை அறுந்து, அதன் உயிர் போயிற்று.

"இதுவும் சொத்தை" என்றது கண்ணாடி.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் ஏதோ பசையைத் தடவிக் கண்ணாடியை அழுத்தித் தேய்த்தார். துணியெல்லாம் கண்ணாடியில் ஏறியிருந்த மஞ்சள். புதுப் பல்பு கைவசம் இல்லாததால், டிக்கியில் கிடந்த முதல் பல்பையே எடுத்து மாட்டினார். எதிர்ச்சுவர் பளீரென்று வெளுத்தது.

கண்ணாடி கேட்டது: "உங்கிட்ட இவ்வளவு வெளிச்சமா?"

"அன்னைக்கும் இவ்வளவுதாண்ணே" என்றது பல்பு.