மாப்பிள்ளை கேட்ட கிட்டார்

"நகையெல்லாம் எதுக்கு மாமா? சுவத்துல மாட்டியிருக்கே, அந்தக் கிட்டாரைக் கொடுங்க. போதும்" என்றான் லியோ.

பலகாரத் தட்டை நீட்டிய சகாயநாதனின் கை அப்படியே நின்றது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைவிடக் கிட்டாரைத்தான் அதிக நேரம் பார்த்திருந்தான்.

"அது ரொம்பப் பழசு தம்பி. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட எங்கப்பா பினாங்குல வாங்கினது. ஆர்ச்டாப்னு சொல்வாங்க. வயலின் மாதிரி மேல்பலகை புடைச்சிருக்கும். இப்ப எங்கயும் கிடைக்காது."

"அதான் மாமா கேக்கறேன். அமெரிக்காவுல பழசுக்குத்தான் கிராக்கி."

சொல்லிவிட்டு, தன் அம்மா அடைக்கலமேரியின் காதில் ஏதோ கிசுகிசுத்தான். அதுவரை இறுகிக் கிடந்த அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"புள்ள ஆசைப்படறான், கொடுத்துடுங்க அண்ணே. நகை உங்க இஷ்டம். முடிஞ்சதைப் போடுங்க."

வேன் கிளம்பியதும் மகள் ஜாஸ்லின் கண்கலங்க வெடித்தாள். "கொண்டுபோய் விக்கத்தான் கேக்கறார். உங்க உயிரையே கேக்கற ஆளு எனக்கு வேணாம்ப்பா."

"நீ சும்மா இரு" என்றாள் அவள் அம்மா விண்ணரசி. "நகை போட ஆத்தோர நிலத்தை விக்க இருந்தோம். ஒரு மரக்கட்டையோட தப்பிச்சோம்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்."

சகாயநாதன் எழுந்து தன் உரக்கடைக்குப் போய்விட்டார். பாபநாசம் மாதா கோயிலில் அவர் அந்தக் கிட்டாரை வாசிக்காத கிறிஸ்துமஸ் இல்லை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தார். பிடிக்காதவனுக்காக ஜாஸ்லின் இப்படிக் கண்கலங்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னார். "கிட்டார்தானே. கொடுத்துடுவோம்."

நிச்சயதார்த்தத்தன்று கம்பிகளைத் துடைத்து, உறையில் போட்டு, அவரே கொடுத்தார். கல்யாணப் பூசையில் யாரோ கீபோர்டு வாசித்தார்கள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சகாயநாதன். நல்ல பையனாக இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நல்ல பையன் அப்படிக் கேட்பானா என்றும் தோன்றியது.

மறுவீட்டு விருந்துக்கு வந்த லியோவின் தோளில் அந்த உறை தொங்கியது. நேரே வந்து அவர் மடியில் வைத்தான்.

"வாசிங்க மாமா."

"உங்களுக்குன்னு கொடுத்தாச்சு. நீங்க வாசிங்க, கேப்போம்." குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

"இல்ல மாமா, இது இங்கேயே இருக்கட்டும். பிளைட்ல ஏத்தினா உடைஞ்சிடும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

லியோ அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் அம்மா அங்கே விண்ணரசியோடு பேசிக்கொண்டிருந்தாள். சகாயநாதன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா நூறு பவுன் கேக்கற முடிவோட வந்திருந்தாங்க. இந்தக் கிட்டாரை வித்தா ரெண்டு வீடு வாங்கலாம்னு காதுல ஒரு பொய்யைப் போட்டேன். மத்தபடி கிட்டாருக்கும் வீணைக்கும் எனக்கு வித்தியாசமே தெரியாது மாமா."