பச்சை ஜன்னல் வீடு

ஒரு பொம்பளை இடுப்பிலே சாவிக் கொத்தைச் செருகிக்கொண்டு, வீடு காட்டுகிறேன் என்று தெருத்தெருவாகப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சேதுராமனுக்குப் பொறுக்கவில்லை.

ஜப்பான்காரன் போன வருசத்திலிருந்து காஜா பெராங் வட்டாரத்தில் வீட்டுத் தரகு பார்க்கிறவர் அவர். வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்த கையோடு ரோஷன் பீவியும் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருசன் கபீர் இதே தொழில் செய்தவர்தான். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடியதும், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் அதே சாவிகளைக் கையில் எடுத்துவிட்டாள்.

சேதுராமனுக்கு ஒரு முறை உண்டு. ஆம்பளையை அழைத்துப்போய் முன்கூடத்தைக் காட்டுவார், வாடகையைச் சொல்வார், வெற்றிலை போட்டுக்கொள்வார்கள், முடிந்தது. சமையல்கட்டுப் பக்கம் யாரையும் விடமாட்டார். ஒழுகுகிற இடத்தைப் பொம்பளைகள் குடிவந்த பிறகுதான் பார்ப்பார்கள். பார்த்து என்ன ஆகப்போகிறது?

பீவியோ பொம்பளைகளைத்தான் முதலில் கூப்பிட்டாள். நேரே சமையல்கட்டுக்கு நடப்பாள். பைப்பைத் திறந்து காட்டுவாள். இந்த மூலை மழைக்கு ஒழுகும் தங்கச்சி, பிள்ளையை இங்கே படுக்கப் போடாதே என்று குறையையும் அவளே சொல்லிவிடுவாள்.

குறை சொன்னால் வியாபாரம் நடக்குமா?

நடந்தது. அதுதான் சேதுராமனுக்கு வயிற்றெரிச்சல்.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்களேன் என்று அவர் மனைவி பாக்கியம் ஒரு தடவை சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளுக்குள்ளே உதறல். இத்தனை வருசம் மறைத்தே பழகின வாய். உள்ளதைச் சொல்லப்போய் ஒரு வீடும் போகாவிட்டால்? பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கோபம் என்று சொல்லிக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து அவர் குடியிருந்த வீட்டையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரின் மருமகனுக்கு வேண்டுமாம், மாதக் கடைசிதான் கெடு. ஊருக்கெல்லாம் வீடு பார்க்கிறவர், தன் வீட்டுக்கு இன்று நாளை என்று இழுத்தார். பாக்கியம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாளை எண்ணினாள்.

அந்த வாரம்தான் பச்சை ஜன்னல் வீட்டின் சாவி பீவியின் இடுப்புக்குப் போனது. கல் வீடு, உள்ளேயே தண்ணீர். அந்த வீட்டுக்காரரை எட்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்தவர் சேதுராமன். நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டது போலிருந்தது.

மறுநாள் கோப்பிக் கடையில் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் கெராணி தியாகு அந்த வீட்டைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சேதுராமன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குடும்பஸ்தர் நீங்க. சொல்லாம இருக்க மனசு வரல. அந்த வீட்டு நடு உத்திரத்துல ஒருத்தி தொங்கினா. வெளியில சொல்லிடாதீங்க."

தூக்குமில்லை, கயிறுமில்லை. வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் வெளியில் சொல்லாதே என்ற பேச்சு வீட்டில் தங்குமா? அடுத்த ஊரான செமாபோக் வரைக்கும் போய்விட்டது. தியாகு போகவில்லை. பிறகு வந்த இரண்டு குடும்பமும் வாசலோடு திரும்பிவிட்டன. பீவி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே போய்வருவதைப் பார்த்துக்கொண்டு குடிக்கும்போது, சேதுராமனுக்குச் சீனி போடாத கோப்பியும் இனித்தது.

மூன்று வாரம் இப்படிப் போனது.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தவர் திகைத்து நின்றார். பாக்கியம் சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு பார்த்தாகிவிட்டதாம். அவளே போய்ப் பார்த்தாளாம். கல்யாணமான நாளாய் மூன்று வீடு மாறியும், குடிபோகும் முன்னால் ஒரு வீட்டின் அடுப்பங்கரையைப் பார்த்தது இதுதான் முதல் தடவையாம்.

"யார் காட்டினது?"

"ரோஷன் பீவி அக்கா."

அவர் முகம் கறுத்தது. எந்த வீடு என்று கேட்டார்.

"பச்சை ஜன்னல் வீடு."

அந்த வீடு வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார்.

"தூக்குக் கதையா? கதவத் தொறக்குறதுக்கு முன்னாடியே அக்கா சொல்லிட்டாங்க. இப்படி ஒரு பேச்சு இருக்கு, பொய்தான், இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டு உள்ள வான்னாங்க."

சேதுராமன் கட்டிவைத்த சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதையைக் கட்டினது யார் என்று தெரியுமாம் பீவிக்கு. தியாகுவே வந்து சொல்லிவிட்டாராம். பேரைச் சொல்லுங்க என்று பாக்கியம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாளாம்.

"மாட்டேனுட்டாங்க. 'அவரு கெட்டவரு இல்ல தங்கச்சி, பயந்திருக்காரு. நானும் முதல் சாவியக் கையில எடுத்தப்ப அப்படித்தான் பயந்தேன்'னாங்க. நம்மகிட்ட கமிஷன்கூட வேணாமாம். ஒரே தொழில் பாக்குற வீட்டுல வாங்கறது மொறையில்லையாம்."

பாக்கியம் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். அவளுக்கு மனசு ஆறவில்லை.

"மூணு வாரம் அக்கா பிள்ளைங்களுக்கு அரை வயித்துக் கஞ்சிதான். அந்த ஆளு மட்டும் என் முன்னால வரட்டும். நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்குறேன்."

சேதுராமன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"கேளு," என்றார்.