கயிறு வேண்டாம்

விழுந்த குத்தில் கறிக்கடைக்காரரின் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. அடித்தது அந்நியன் அல்ல, மனைவியின் தம்பி. ஞாயிறு பூசை முடிந்து வந்த கூட்டம் மாதா கோயில் வாசலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"யாருக்குக் கையெழுத்து வாங்குறீங்க மச்சான்? உங்க பொண்ணைக் கொன்னவனுக்கா? இரும்புக் கம்பியால மண்டையில பதினோரு அடி! மூஞ்சியே இல்ல. செருப்பைப் பாத்துதான் நம்ம பொண்ணுன்னு சொன்னேன்!"

இன்னொரு குத்து. பாதி மாட்டைத் தோளில் சுமக்கிற கறிக்கடைக்காரர் நினைத்திருந்தால் அவனை ஒரே கையால் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் குனிந்து, சிதறிக் கிடந்த கருணை மனுத் தாள்களைத்தான் பொறுக்கினார்.

"அவன் கயித்துல சாகக் கூடாது மாப்ள," என்றார்.

பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நடுவில் புகுந்தார். "கொலைகாரனும் கடவுளோட சாயல்தான்பா. எந்தக் குத்தத்துக்கும் மரண தண்டனை கூடாதுன்னு திருச்சபை தெளிவா சொல்லிடுச்சு."

"அந்தக் காலத்துல கொலைகாரன் தலைய ராஜா வெட்டலாம்னு சொன்னதும் இதே திருச்சபைதானே சாமி?" என்றான் மைத்துனன்.

"அன்னைக்கு வேற வழியில்லன்னு நெனச்சாங்க. இன்னைக்கு அடைச்சு வைக்க ஜெயில் இருக்கு. திருந்தறதுக்கு ஒருத்தன் உயிரோட இருக்கணுமில்ல?"

மைத்துனன் காறித் துப்பிவிட்டுப் போனான். அன்றே கறிக்கடைக்காரரின் மனைவியும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? ஞாயிறு தவறாமல் மனுவோடு வாசலில் நின்றார்.

சாமியார் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அவரைப் புகழ்ந்து தள்ளினார். மனிதரோ கடைசி பெஞ்சை விட்டு அசைவதில்லை. பூசையில் தரும் நற்கருணை அப்பம் வாங்கக்கூட எழுந்து வருவதில்லை. மகள் போன துக்கம், போகட்டும் என்று சாமியார் விட்டுவிட்டார்.

மூன்று வருடம் கழித்து மனு பலித்தது. சேதியைச் சொல்ல சாமியாரே மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தார். கறிக்கடைக்காரர் தொடை எலும்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயுள் தண்டனையா மாத்திட்டாங்க! அவன் உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணுமாம். தூக்குக் கைதியா இருந்தவரைக்கும் கம்பிக்கு வெளியில நின்னுதான் பாக்க முடியும். இனிமே அப்படியில்ல. ஜெயில் அதிகாரிகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை தனி ரூம்ல, நீங்களும் அவனும் மட்டும்."

கத்தி கட்டையிலேயே நின்றது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்தக் கண்கள் கலங்கின. கைகளை முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து, ரத்தம் காயாத தரையில் மண்டியிட்டார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சாமி."

சாமியார் பூரித்துப்போய் அவர் தலையில் கை வைத்தார். "சொல்லுங்க. இதுக்குத்தான் இத்தனை நாளா காத்திருந்தேன்."

"வெள்ளிக்கிழமை செய்யப்போற பாவத்துக்கு இப்பவே மன்னிப்பு உண்டா சாமி?"