எழுதாத வரி

மனு எழுதும் கண்ணுசாமி காத்தாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, முப்பத்தெட்டாம் வருஷம் ஆடியில், புதுக்கோட்டை கோர்ட்டு வாசலில்.

சற்றுமுன்தான் தீர்ப்பாகியிருந்தது. காத்தாயி பிள்ளை வளர்க்க லாயக்கில்லாதவள். ஆறு வயது அழகம்மாளை இனி இலுப்பூர் ஞானமணி டீச்சர் வளர்க்க வேண்டியது. சொந்தபந்தம் யாரும் உரிமை கோரக் கூடாது.

"பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு!" என்றாள் ஒருத்தி.

"கள்ளைக் குடிச்சுப்புட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டவதானே! மொட்டைப் பெட்டிஷன்ல அம்புட்டும் இருந்துச்சே."

செத்துப்போன புருஷனின் அண்ணன் வெள்ளைச்சாமிதான் அதிகம் குதித்தான். "எந்தப் பயடா அதை எழுதிப்போட்டது? ஆடு மேய்க்க வீட்டோட ஒரு ஆளாச்சுன்னு இருந்தேன். மண்ணைப் போட்டுட்டானே!"

அவன் தலை மறைந்ததும், காத்தாயி வந்து கண்ணுசாமியின் மரத்தடியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் பொத்தி இருமினாள்.

"ஜட்ஜு கேட்டதுக்கெல்லாம் ஆமாஞ்சாமி போட்டுட்டியே தாயி. கள்ளு வாடையே ஒனக்கு ஆகாதே."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க அய்யா. வாசிக்கக் கேட்டு எனக்கே என் மேல கோவம் வந்துருச்சு."

"நீ சொல்லச் சொல்லத்தானே எழுதினேன்!"

"பின்னே? இந்த இருமலு தையைத் தாண்ட விடாதுன்னுட்டாரு வைத்தியரு. நான் கண்ணை மூடுனா மூத்தாரு வந்து பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போவாருல்ல? இப்ப டீச்சரம்மா கையில சர்க்கார் சீல் போட்ட காயிதம் இருக்கு."

கண்ணுசாமி மைக்கூட்டை மூடி வைத்தார்.

"ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன்னுட்டீங்க" என்று குறைப்பட்டாள்.

"எப்படி எழுதுறது? 'பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்னா உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்'னு மொட்டைப் பெட்டிஷன்ல எழுதினா, பெத்தவதான் எழுதச் சொன்னான்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சு போகாதா?"

"அதுவும் சரிதான்." சிரித்தாள். "அப்ப டீச்சரம்மாகிட்ட வாயாலயாவது சொல்லிருங்க. மறந்துறாதீங்க. வாரேன் அய்யா."

தை வரைகூட இருக்கவில்லை. மார்கழியிலேயே போய்விட்டாள்.

இலுப்பூரில் அந்த வீட்டில் இன்றைக்கும் கத்தரிக்காய் வாங்குவதில்லை. அழகம்மாளின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால், "எங்க வீட்டு வழக்கம்" என்பார்கள்.