கண்ணாடியில் ஒட்டிய அக்கா

ஓட்டப்பயிற்சி இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க மாஸ்டர் கையை நீட்டினார். பேக்கரிக்காரி அதைத் தட்டிவிட்டாள்.

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம். யார் மாதிரி ஆக வேண்டுமோ அவர்கள் படத்தை எதிரே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணம் நிச்சயமானவன் ஒரு மல்யுத்தக்காரனை ஒட்டியிருந்தான். வங்கிக்கார அம்மாள் கல்லூரிக் காலத்துத் தன்னையே ஒட்டியிருந்தாள்.

இவள் ஒட்டியிருந்தது தன் அக்காவை. ஈர்க்குச்சி உடம்பு.

“அவங்கள மாதிரி ஆயிடுவீங்க மேடம். அவசரப்படாதீங்க.”

“அந்த மூஞ்சிய மாதிரியா? பாத்தாலே பத்திக்கிட்டு வருது மாஸ்டர். அதுலதான் காலே ஓடுது.”

அப்பா செத்த வீடு. சொந்தமெல்லாம் கூடியிருந்தது. இவளுக்கு இரும்பு நாற்காலி போடுங்க, பிளாஸ்டிக் தாங்காது என்றாள் அக்கா. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றோடு பேச்சு அறுந்தது.

இந்த வாரத்துக்குள் எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் கை வைக்க மாட்டேன் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் தன் கடை பன்னை மோந்து பார்த்ததோடு சரி.

இறங்கி எடை பார்த்தாள். எழுபத்தொன்பதரை.

மாஸ்டர் கைதட்டினார். “போய் உங்கக்கா முன்னாடி நில்லுங்க, வயிறெரியட்டும்” என்றாள் வங்கிக்கார அம்மாள்.

அவள் வெளியே வந்து அக்கா புருஷனுக்குப் போன் போட்டாள். “இறங்கிட்டேன் மாமா.”



“அவ வேண்டாங்கறாம்மா. உன் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாளாம்.”

“வேற யாரோடதும் அவளுக்குச் சேரலையே மாமா. வாய மூடிக்கிட்டு வந்து படுக்கச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு, ஈரப் பனியனுக்கு மேலேயே இடுப்பின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தைத்தான் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எடுக்கட்டும். இனி அவள் எங்கே போனாலும் என்னைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.