முகம் காட்டாத பேய்

"என் பேயோட முகம் எங்கே?"

பென்சில் கேட்ட வேகத்தில் மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது.

பென்சில் என்பது பட்டப்பெயர். பத்திரிகையின் ஓவியர் அவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். நூறு வருஷப் பழைய பேய்க்கதை ஒன்றை, அசையும் சித்திரக்கதையாக இணையத்தில் போடப்போகிறார்கள். படங்கள் அவளுடையவை. அவற்றை அசைய வைப்பது எதிர் மேஜைக்காரனின் வேலை. எதையும் நிதானமாகச் செய்வதால் அவன் பெயர் ஆமை.

ஆமை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருட்டுல இருக்கு."

"அதான் தெரியுதே! விளக்கை யார் அணைக்கச் சொன்னது?"

விரலால் பக்கத்தைத் தள்ளத் தள்ள திரைச்சீலை ஆடும். மாடிப்படி கிறீச்சிடும். கதவு தானாகத் திறக்கும். கடைசிக் கட்டத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பேய் மெதுவாகத் திரும்ப வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் பென்சில் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தாள். ஆமையின் கைவண்ணத்தில், பேய் திரும்புவதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது.

"முகம் தெரியாட்டிதான் பயம் அதிகம்" என்றான்.

"முந்தாநாள் ஃபைல் கனமா இருக்குன்னே. நேத்து நிறம் ஒட்டலைன்னே. இன்னிக்கு இதுவா? வா, ஆசிரியர்கிட்டயே கேட்டுடலாம்."

ஆசிரியர் அசல் படத்தைப் பார்த்தார். நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அம்மாடி! எங்கேருந்து பிடிச்சே இந்த முகத்தை?"

"தெரியலை சார். பேனாவை வச்சதும் தானா வந்துடுச்சு."

"பார்த்தா ராத்திரித் தூக்கம் போயிடும். இதைப் போய் மறைச்சிருக்கியேப்பா!"

ஆமை தரையைப் பார்த்தான். "கதையில அந்த முகத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லை சார்."

"படத்துலதான் இருக்கே. போய் விளக்கை ஏத்து. சாயங்காலம் பக்கம் இணையத்துல போயாகணும்."

"முடியாது சார்."

ஆமை யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதே கிடையாது.

"ஏன் முடியாது? காரணம் சொல்லு."

ஆமை பென்சிலை ஒரு தடவை பார்த்தான். "காரணம்னு ஒண்ணும் இல்லை சார். எனக்குப் பிடிக்கலை."

"நான் சொல்றேன் சார், காரணத்தை" என்றாள் பென்சில். "பொறாமை. எல்லாரும் படத்தைப் பத்தியே பேசிடுவாங்க, இவரை யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு."

"அப்படியே வச்சுக்கோ" என்றான் ஆமை. அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆளை வைத்து மாற்ற நேரம் இல்லை. "சரி, அப்படியே போகட்டும். ஆனா அடுத்த தொடர் உனக்குக் கிடையாது. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஒரு வருஷமாக அவன் காத்திருந்த தொடர் அது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பென்சில் வீட்டுக்குப் போனபோது பக்கம் வெளியாகிவிட்டிருந்தது. அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து, ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, என்னமா பயமுறுத்தறே! ஆஸ்பத்திரியில இருக்கிற நர்ஸ் பொண்ணுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஊசி போடறப்ப எல்லாம் 'என் பொண்ணு படம் வருது, என் பொண்ணு படம் வருது'ன்னு அவங்க காதைத் தின்னுட்டேன்ல."

"இது பாதிதாம்மா. கடைசியில அவ முகத்தை அந்த ஆளு மறைச்சுட்டான். அசலைப் பாரு, அப்ப தெரியும்."

பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துப் படத்தைத் திறந்தாள்.

"இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இந்தத் துணி வேற கண்ணுல விழுது" என்று அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கண்ணாடியைத் தேடினாள். பின் மெதுவாகத் திரும்பினாள்.

"எங்கே, காட்டு."

பென்சில் அம்மாவைப் பார்த்தாள். மாதக் கணக்கில் தினமும் பார்க்கிற முகம்தான். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிய தலை. புருவம் போன நெற்றி. உள்ளே போன கண்கள்.

குனிந்து படத்தைப் பார்த்தாள். அதே நெற்றி. அதே கண்கள். இடது கன்னத்தின் அந்தப் பள்ளம்கூட.

டேப்லெட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என்னடி, காட்டேன்."

"சார்ஜ் இல்லைம்மா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? முகம் வரலைன்னு வருத்தமா? விடு. அந்தத் தம்பி எதைச் செஞ்சாலும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கும்."

"அவன்கிட்ட நீ பேசினியா?"

"ஏன் பேசாம? போன வாரம் உனக்கு வேலை ஓயலைன்னு மருந்தை அந்தத் தம்பிகிட்டதானே கொடுத்தனுப்பினே? வாசல்லயே நின்னு என்னை ரொம்ப நேரம் பார்த்துச்சு. 'பேய்ப்படம்னா எனக்குப் பயம் தம்பி, ஆனா என் பொண்ணு வரைஞ்சதாச்சே, பார்க்காம எப்படி?'ன்னேன்."

அம்மா ஃபோனில் மறுபடி முதல் கட்டத்துக்குப் போனாள்.

"'நீங்க தைரியமாப் பாருங்கம்மா, உங்களைப் பயமுறுத்தற மாதிரி அதுல எதுவும் வராது, அதை நான் பார்த்துக்கறேன்'னுச்சு."